நாற்பத்து மூன்றாவது அறிகுறி

புது மீனைத் தொட்டியில் விட்டதும் தவமணி விளக்கை அணைத்துவிடுவாள். பிறகு ஸ்டூலை இழுத்து, தொட்டிக்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்து, இருபது நிமிடம் அசையாமல் பார்ப்பாள். கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த இருபது நிமிடம்தான். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் முப்பது மணி நேரம் பாலிதீன் கவருக்குள் கிடந்து வரும் மீன்களில் பாதி, முதல் வாரத்திலேயே செத்துப்போகும். தவமணியின் மீன் அறையில் பத்துக்கு ஒன்றுதான் சாகும்.

அவளிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. கவரை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒத்துப்போகும்வரை காத்திருப்பாள். தொட்டித் தண்ணீரில் ஒரு குவளை, ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு குவளை என்று கவருக்குள் ஊற்றுவாள். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுவாள். கவர்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. அதற்கப்புறம்தான் பார்ப்பது. மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்று போதவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு மூலையில் நின்றால் பயம். கூழாங்கல்லில் விலாவைத் தேய்த்தால் தண்ணீரில் ஏதோ எரிகிறது. ஒவ்வொன்றுக்கும் அவள் கையில் ஒரு வேலை இருந்தது. ஏர் பம்பைக் கூட்டுவாள், பாதித் தண்ணீரை மாற்றுவாள், கல் உப்பு போடுவாள், ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைப்பாள்.

நூருதீன் அவளைத் தேடி வந்தது இதைக் கேள்விப்பட்டுத்தான். உயிர்வேதியியல் படித்தவன், முப்பது வயதுக்குள் இருக்கும். ‘நீர்மை’ என்ற புது நிறுவனத்தில் ஆராய்ச்சியாளனாக இருந்தான்.

"நீங்க பாக்கறத எங்க கேமராவும் பாக்கக் கத்துக்கணும்க்கா" என்றான். "மீன் கஷ்டப்படுதுன்னு உங்களுக்கு எதை வெச்சுத் தெரியுதோ, அதையெல்லாம் ஒண்ணுவிடாம சொல்லுங்க. நாங்க மருந்து கண்டுபிடிக்கிறோம்."

எட்டு மாதம் அவள் சொன்னாள். திரையில் ஓடும் படத்தை நிறுத்தி நிறுத்தி, இதோ இங்கே, வால் துடிக்கிறது பார், இங்கே செவுள் ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது பார் என்று காட்டினாள். சாப்பாட்டை வாயில் வாங்கித் துப்புவது, நிறம் மங்குவது, கண்ணாடியோரமாகவே மேலும் கீழும் போவது. எல்லாம் சேர்ந்து நாற்பத்தொரு அறிகுறிகள் ஆயின. அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி எண் போட்டு ஒரு பட்டியலாக நிற்பதைப் பார்த்து அன்று அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் மருந்து வந்தது. நீல மூடி போட்ட சின்னக் குப்பி. ‘நிம்மதி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். புது மீன் உள்ள தொட்டியில் மூன்று சொட்டு விட்டால், பத்தாவது நிமிடம் அந்த மீன் துடுப்பை விரித்துக்கொண்டு, பல வருடமாக அங்கேயே வாழ்ந்ததுபோல நடுத்தொட்டியில் நீந்தியது. தவமணி வாயில் கைவைத்துப் பார்த்தாள். பயணத்தில் மிரண்டு செத்துப்போகும் மீன்கள் குறைந்தன. தெரு முழுக்க அதையே வாங்கினார்கள்.

ஒன்பதாம் நாள் பத்தாம் நாளில் மீன்கள் சாகத் தொடங்கியபோது யாரும் அதை மருந்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் அவை நோஞ்சானாகிச் சாகவில்லை. காலையில் தீனிக்கு ஓடிவந்த மீன் மத்தியானம் மிதந்தது. தவமணியின் அறையில் ஒரு டிஸ்கஸ் மீன், தட்டுபோல அகலமாய், அவள் கண்ணெதிரேயே நீந்திக்கொண்டிருந்தபோது சாய்ந்தது. எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெந்துபோன பழுப்பாக இருந்தது. தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா ஏறிப்போயிருந்தது. ஃபில்டர் அடைத்து நாலைந்து நாள் ஆகியிருக்க வேண்டும். மற்ற நேரமாக இருந்தால் முதல் மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து தவித்துக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அன்றே நூருதீனை வரச் சொன்னாள். அவன் செத்த மீனின் ரத்தத்தை எடுத்துப்போய்ச் சோதித்து, இரண்டு நாள் கழித்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கலவரத்துல உடம்பு சுரக்கிற ஹார்மோன் ஒண்ணு இருக்குக்கா. தரையில போட்டுத் துடிக்கிற மீனுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருக்கு."

"இது துடிக்கலயே. நல்லா நீந்திக்கிட்டு இருந்துச்சே."

"ஆமா."

"உள்ளுக்குள்ள துடிச்சிருக்கு. வெளியில தெரியல. அதான?"

அவன் தலையாட்டினான்.

"தம்பி, இந்த மருந்த எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"ஆயிரக்கணக்குல கலவை செஞ்சு பாப்போம்க்கா. ஒவ்வொண்ணையும் புது மீன் இருக்கற தொட்டியில விடுவோம். கேமரா பாக்கும். உங்க பட்டியல்ல இருக்கற நாப்பத்தொண்ணுல எதுவுமே தெரியலைன்னா அந்தக் கலவை பாஸ்."

"மீன் நல்லா இருக்கான்னு பாக்கலையா?"

"அறிகுறி இல்லைன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்னு நெனச்சோம்" என்றான் நூருதீன். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. அடுத்த கலவையில் சரிசெய்துவிடலாம், மேலிடத்தில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். தவமணி தன் அறையில் அந்தக் குப்பியைத் தொடுவதை நிறுத்தினாள். அதோடு அது முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

தவமணியின் அக்கா தேசம்மாள் அந்தச் சமயத்தில் மேலேரிப்பாக்கத்தில் குடியிருந்தாள். அவர்களுடைய பெரியகல் குப்பத்தைக் கடல் மூன்று மழைக்காலத்தில் தின்று முடித்திருந்தது. அங்கிருந்தவர்களைக் கடற்கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய், இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வைத்தார்கள். தவமணி கல்யாணமாகிக் கொளத்தூர் வந்து, புருஷன் இறந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டதால் அவள் அதில் அகப்படவில்லை. தேசம்மாளுக்கும் அவள் வீட்டுக்காரர் எட்டியப்பனுக்கும் பதினேழாவது மாடி கிடைத்தது. லிஃப்ட் கதவு மூடும்போதெல்லாம் எட்டியப்பனுக்கு நெஞ்சு அடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்தின் ஜன்னல். முதல் வருடத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து பதினோரு பேர் குதித்தார்கள். எட்டாவது ஆள் தேசம்மாளின் ஒரே மகன் முகுந்தன். அவனுக்கு இருபத்து மூன்று வயது.

அதற்குப் பிறகு தேசம்மாள் சமைக்கவில்லை, தலை வாரவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள். தவமணி ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வாயில் சோறு ஊட்டிவிட்டு வருவாள்.

ஒரு ஞாயிறு போனபோது கதவைத் திறந்தது தேசம்மாளேதான். குளித்து, பொட்டு வைத்து, மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்தாள்.

"வா தவம், குந்து. சாப்ட்டியா? காரப்பொடி மீன் கொழம்பு வெச்சிருக்கேன்."

தவமணிக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "எப்படிக்கா இருக்க?"

"நல்லா கீறேன்டி. குடிக்கிற தண்ணில மருந்து சேக்கறாங்க இப்போ. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். உங்க மாமா மொத ஆளா போட்டாரு." அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "முகுந்தன் நெனப்பு வருது. வந்துட்டுப் போய்டுது. வலிக்கல."

தவமணி அக்காவின் முகத்தையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அவள் ஏற்கெனவே எங்கோ பார்த்ததாகப் பட்டது. கீழே வரும்போது தண்ணீர்த் தொட்டியருகில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். ‘நீர்மை’யின் பெயர் கடைசி வரியில் இருந்தது.

நூருதீனிடம் ஃபோனில் கேட்டாள். "எனக்கே தாமதமாத்தான் தெரியும்க்கா. வேற பிரிவு" என்றான். "மனுஷங்களுக்கும் பட்டியல் போட்டிருக்காங்க. உங்க நாப்பத்தொண்ணுதான். வார்த்தை மட்டும் மாறியிருக்கு. மூலையில ஒதுங்கறது, சாப்பாட்டத் தள்றது, மேல்மூச்சு வாங்கறது, ஜன்னலோரமாவே நடக்கறது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மருந்து போட்டதிலிருந்து அங்க ஒருத்தர்கூடக் குதிக்கல."

அது உண்மை. அக்கா தலை வாரிக்கொள்கிறாள் என்பதும் உண்மை. தவமணி அந்த இரண்டையும் நினைத்துப் பார்த்து, வாயை மூடிக்கொண்டாள். பின்னாளில் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்த இடத்துக்காகத்தான்.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே மத்தியானம் முழுக்க இருந்தாள். தேசம்மாள் மீன் வறுத்தாள். துணி மடித்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சட்டையில் பட்டன் தைத்துக் கொடுத்தாள். சோறு போடும்போது ஒரு தடவை மட்டும் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லயே. நீ சாப்டு."

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு எட்டியப்பன் ஃபோன் செய்தார். தேசம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாளாம். தவமணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. அறுவை செய்யக் கையுறை மாட்டியிருந்த மருத்துவர் அதைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"குடல்வால் வெடிச்சு மூணு நாள் ஆகியிருக்கும். வயிறு முழுக்கச் சீழ். இந்த வலியோட ஒருத்தர் நேரா நிக்கவே முடியாது. அலறியிருப்பாங்க. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

"மூணு நாளும் எனக்குச் சோறு போட்டாளே" என்றார் எட்டியப்பன். அவர் முகம் தெளிவாக, கோயில் வாசலில் நிற்பவர் முகம்போல இருந்தது.

தவமணி நாளைக் கணக்கிட்டாள். மூன்று நாளில் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. தெருவே மெச்சும் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் ஆறு மணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மீன் வறுவல் நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

காரியம் நடந்த வீட்டில் அவளுக்கும் அழுகை வரவில்லை. வந்திருந்த யாரும் அழவில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் லிஃப்ட் பழுதைப் பற்றியும் மெதுவாகப் பேசினார்கள். தவமணி அங்கே தாகத்துக்கு மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தாள். கொளத்தூர் திரும்பி மூன்றாம் நாள், தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தபோது அது வந்தது. வலையைக் கீழே போட்டுவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கும்வரை அவள் சத்தம் நிற்கவில்லை.

அடுத்த வாரம் அவள் மேலேரிப்பாக்கம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனாள். டிஸ்கஸ் மீனைப் பற்றிச் சொன்னாள். அக்காவைப் பற்றிச் சொன்னாள். நிறுத்துங்கள் என்றாள். எல்லோரும் அமைதியாக, மரியாதையாகக் கேட்டார்கள். சங்கத் தலைவி எழுந்து, போன பங்குனியில் குழாய் உடைந்து இரண்டு நாள் மருந்து நின்றதைச் சொன்னாள். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் நாலு பேர். அதில் ஒருத்தி கைக்குழந்தையோடு. பிறகு கை தூக்கச் சொன்னார்கள். மருந்து தொடர வேண்டும் என்று எல்லாக் கையும் உயர்ந்தது. மூன்றாவது வரிசையில் எட்டியப்பனின் கையும் இருந்தது.

நிறுத்த முடியாது என்று ஆனபின் தவமணிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான் மிச்சமிருந்தது. பார்ப்பது. தரைத்தளத்தில் அரசு மருத்துவ அறை ஒன்று இருந்தது. அங்கிருந்த டாக்டர் இளவேனில் நல்லவர். அந்தக் கட்டடத்திலேயே தங்கி வேலை பார்த்தார். சத்து மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தவமணிக்கு அனுமதி கொடுத்தார். அவள் கொளத்தூர் அறையை வாரம் இரண்டு நாள் என்று சுருக்கிக்கொண்டு, மற்ற நாளெல்லாம் குடிக்கக் கொளத்தூர்த் தண்ணீரையே எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். கதவைத் திறப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தபடி, சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாள்.

ஏழு வாரம் கழித்து ஒன்று பிடிபட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர்கள் முதலில் கண்ணைத் திருப்பி, பிறகு தலையைத் திருப்புவார்கள். உடம்பில் ஏதோ கோளாறு உள்ளவர்களுக்கு அது மாறியிருந்தது. தலை திரும்பிய பிறகுதான் கண் வந்தது. இமைக்கும் நேர வித்தியாசம்தான். ஆனால் ஒருமுறை பார்த்தவளுக்கு மறுபடி தப்பவில்லை. அப்படிப்பட்டவர்களை டாக்டரிடம் அழைத்துப்போனாள். ஒருவருக்கு நெஞ்சடைப்பு. ஒரு பெண்ணுக்குக் கருக்குழாயில் கரு தங்கியிருந்தது. கால் எலும்பு முறிந்து நடந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி. மூன்று வாரத்தில் ஏழு பேர் பிழைத்தார்கள்.

"இது பெரிய விஷயம்மா" என்றார் டாக்டர். "உடனே எழுதி அனுப்பறேன்."

விதிப்படி, மருந்து எடுப்பவர்களிடம் தெரியும் எந்த மாற்றத்தையும் மருத்துவர் எழுதி மேலே அனுப்ப வேண்டும். டாக்டர் அனுப்பினார். தவமணி கையெழுத்துப் போட்டாள். மற்ற ஊர்க் கட்டடங்களிலும் மருந்து வந்துவிட்டிருந்தது. அங்குள்ள மருத்துவர்களும் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்று டாக்டர் சொன்னபோது, பல மாதத்துக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

இரண்டு மாதம் போனது. ஒன்பதாவது மாடியில் குமுதவல்லி என்று ஒரு டீச்சர். தவமணி அவளைப் புதன்கிழமை காலை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கண் முதலில் வந்தது, தலை பிறகு. நன்றாக இருக்கிறாள் என்று அடுத்த வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை குமுதவல்லி இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு, ஒரு வாரமாகவே இருந்திருக்கிறது என்றார்கள். அதே வாரத்தில் இன்னும் மூன்று பேர். எல்லோருடைய கண்ணும் ஒழுங்காகத் திரும்பியது.

தவமணி நூருதீனின் வீட்டுக்கே போனாள். அவன் வேலையை விட்டுவிட்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வீட்டில் கழுவாத பாத்திரங்கள் கிடந்தன.

"டாக்டரோட ரிப்போர்ட் நேரா எங்க ஆபீசுக்குத்தான் வரும்க்கா" என்றான். "மருந்துல குறை இருந்தா அறுபது நாளுக்குள்ள சரி பண்ணணும், சட்டம். உங்க கண் விஷயத்த குறைன்னு எடுத்துக்கிட்டாங்க. பட்டியல்ல நாப்பத்திரண்டாவதா சேத்துட்டாங்க. அதுவும் தெரியாத கலவையாப் பாத்து எடுத்துட்டாங்க. அதனாலதான் நான் வெளிய வந்தேன்."

"அப்ப நான் எதச் சொன்னாலும்..."

"எதச் சொன்னாலும் அழிச்சிடும். யாரும் வேணும்னு பண்ணல. அது அப்படித்தான் ஓடுது." அவன் கையைப் பிசைந்தான். "ஆரம்பத்துல நான்தான் உங்ககிட்ட வந்து கேட்டேன். ஒண்ணுவிடாம சொல்லுங்கன்னு."

அவனைத் திட்டத்தான் அவள் போயிருந்தாள். திட்டாமல், பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டுத் திரும்பினாள்.

அதன்பின் வந்த நாட்களில் அவள் மாத்திரை கொடுத்தாள், உட்கார்ந்தாள், ஒன்றும் தெரியாமல் எழுந்து வந்தாள். பதினைந்து பேர் போனார்கள். பெயர்களை ஞாபகம் வைத்திருந்தாள். ஒருநாள் மத்தியானம் எட்டியப்பனைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, என்னவோ தோன்றி அவர் கையைப் பிடித்தாள். வலை இழுத்துக் காய்ப்பேறிய கை. அக்கா போன பிறகு அதை அவள் தொட்டதேயில்லை.

"வரேன் மாமா."

"போய்ட்டு வா தவம்."

கையை விட்டாள். அவரும் விட்டார். ஆனால் அவருடைய சுண்டுவிரல் மட்டும் அவள் விரலில் கொக்கிபோல மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு வினாடி இருக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. முகம் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. விரல் தானாகப் பிடி தளர்ந்து விலகியது.

தவமணி வாசலிலேயே நின்றாள். பிறகு, "மாமா, கொளத்தூர்ல ஒரு பெரிய தொட்டி தூக்கணும். கூட ஆள் இல்ல. வர்றியா?" என்று பொய் சொன்னாள். அவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இதயக் குழாய் இரண்டு அடைத்திருந்தது. சிகிச்சைக்குப் பின் கொளத்தூரில் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், மருந்து உடம்பைவிட்டுப் போனதும், எட்டியப்பன் மகன் பெயரையும் பெண்டாட்டி பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லி அழுதார். ஒன்றரை வருட அழுகை. எத்தனை நாளானாலும் அது தீரவில்லை. அவரைத் தனியே விட்டுப் போகவும் பயமாக இருந்தது. ஏன்டி கூட்டிவந்தாய் என்று ஒருநாள் கேட்டார். அவள் அவர் தட்டில் சோறு போட்டாள்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் மறுபடி மேலேரிப்பாக்கம் போனாள். இப்போது மாத்திரையை மேசையில் வைக்காமல் கையில் வைத்து மூடிக் கொடுத்தாள். அந்தக் கையைச் சற்றுப் பிடித்துப் பிறகு விட்டாள். ஒரு மாதத்தில் ஆறு பேரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆறு பேருக்கும் உள்ளே நோய் இருந்தது.

அன்று காலை பதின்மூன்றாவது மாடியை முடித்துக்கொண்டு, மாத்திரை டப்பா தீர்ந்துபோனதால் கீழே மருத்துவ அறைக்கு வந்தாள். டாக்டர் இளவேனில் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. ஒரு விஷயம் கேக்கணும். ஆறு பேரு. அவங்ககிட்ட எனக்கு ஒண்ணுமே தெரியல. ஸ்கேன் பாத்தப்புறம்தான் தெரியுது. நீங்க எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறீங்க?"

தவமணி டப்பாவை மேசையில் வைத்தாள்.

"மறுபடி ஏதாவது அறிகுறி கெடச்சுதா?"

"சொன்னா எழுதுவீங்களா டாக்டர்?"

"எழுதாம எப்படி? விதி இருக்கே. எழுதினாத்தான எல்லா ஊருக்கும் தெரியும்."

"போன தடவ எழுதினீங்க."

"ஆமா, அது துரதிர்ஷ்டம்" என்றார் டாக்டர், மழை வந்து நனைந்த துணியைப் பற்றிச் சொல்வதுபோல. அவரும் அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தார். குமுதவல்லியின் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தில் எதுவும் ஓடவில்லை. ஒரு விஷயத்தை மறைத்து வைக்க வேண்டுமென்றால் உள்ளே கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டும். அது இவரிடம் இல்லை என்று தவமணிக்குப் புரிந்தது. வேறு முப்பது ஊர்களில் முப்பது கட்டடம் இருக்கிறது. அங்கே கதவைத் தட்ட யாரும் இல்லை. இதைச் சொன்னால் அறுபது நாள் அவர்களில் சிலர் பிழைப்பார்கள். அறுபத்தோராம் நாளிலிருந்து எங்கேயும் யாரும் பிழைக்கமாட்டார்கள்.

"அறிகுறி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள். "சும்மா, தோணுது. அவ்வளவுதான்."

"தோணறத எழுத முடியாதே" என்று சிரித்தார் டாக்டர். "இங்க ரெண்டாயிரத்து நானூறு பேர் இருக்காங்க. நீங்க ஒருத்தர்."

"தெரியும்."

டாக்டர் எழுந்து, புது மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். தவமணி பிடித்தாள். சின்னக் கை, குளிர்ந்திருந்தது. விட்டாள். டாக்டரின் சுண்டுவிரல் விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் மனதுக்குள் எண்ணினாள். ஐந்துவரை போனது. இத்தனை நேரம் அவள் யாரிடமும் பார்த்ததில்லை. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்து இனிமையாகச் சிரித்தபடியே நின்றார்.

"டாக்டர், இப்ப என்கூடக் கொளத்தூர் வரைக்கும் வர்றீங்களா?"

"இப்பவா? எதுக்கு?"

"புதுசா மீன் வந்திருக்கு. நீங்க பாத்ததே இல்லைன்னு சொன்னீங்களே."

டாக்டர் மேசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வரேன்" என்றார். அறையைப் பூட்டினார். இருவரும் வெளியே வந்து ஆட்டோ ஏறினார்கள். வழியில் டாக்டர் நிறையப் பேசினார். தவமணி ஆட்டோக்காரரிடம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னாள்.

பதினான்காவது மாடிக்கு அன்று யாரும் போகவில்லை. அங்கே நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.